அந்தப் பக்கம் போன குழி

ஜூலை 7, திங்கள்

காலையில இருந்து தூறல். காத்து. துணி காயல.

என் பொண்ணு கலா குடுத்துட்டுப் போன டைரி இது. போன வருஷத்துது. தேதிக்கும் கெழமைக்கும் ஒத்து வரல, நானே மேல எழுதிக்கிறேன். "சும்மா அழுதுகினே இருக்காத, எதனா எழுதும்மா"ன்னா. அஞ்சாவது படிச்சவ இன்னா எழுதுவா. இதுவரைக்கும் மளிகை சீட்டு தான் எழுதியிருக்கேன்.

இன்னிக்கு விஷயம் இருக்குது.

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா மகன் ரிச்சர்டுக்கு செப்டம்பர்ல கல்யாணம். பின்னாடி ஒரு ரூம் கட்டறான். நாலு பில்லர். நாலாவது பில்லர் குழி எங்க ரெண்டு வீட்டுக்கும் நடு சுவத்துக்குப் பக்கத்துல. பதினோரு மணி இருக்கும். கடப்பாரை பொதுக்குனு உள்ள போயிடுச்சு. நாகப்பா மேஸ்திரி "ஏமிரா இதி"ன்னு கத்தினது என் அடுப்பங்கரைக்கு கேட்டுது. அப்புறம் நாத்தம்.

எங்க கக்கூஸ் குழி.

வாய் எங்க பக்கம் இருக்குது. வயிறு அவங்க பக்கம். சுவத்துக்கு அடியில பூந்து ஆறடி அவங்க நெலத்துல போயிருக்குது.

எங்க லைன் வரிசை வீட்டுல இருந்து பாதி பேர் வந்துட்டாங்க. மூக்க மூடிகினு எட்டி எட்டிப் பாத்தாங்க. ரிச்சர்டு இன்னிக்கு பெங்களூர் ட்ரெயினுக்கு போகல, லீவு போட்டிருந்தான். நல்ல புள்ள தான். ஆனா இன்னிக்கு கத்தினான்.

"ஆண்ட்டி, இது திருட்டு. உங்க வீட்டுக்காரர் எங்க எடத்த திருடியிருக்காரு. பதினாலு வருஷம் எங்க தலைமாட்டுல உங்க டாய்லெட் வச்சிருக்கீங்க."

ஸ்டெல்லா அக்கா அவன் கைய புடிச்சு இழுத்தாங்க. "அவரு செத்து மூணு மாசம் ஆவுல, வாய மூடு."

எல்லாரும் என்னையே பாத்தாங்க. நான் சொன்னேன்: "எனக்கு இன்னாப்பா தெரியும். அவரு தான் தோண்டினாரு. இருட்டுல திசை தெரியாம போயிருப்பாரு."

வாயில வந்துடுச்சு.

திசை தெரியாம. இருபத்தி ரெண்டு வருஷம் தங்கச் சுரங்கத்துல, மைன்ஸ்ல கீழ இறங்கினவரு. லாம்ப் அணைஞ்சா கூட கைய வச்சு சுவத்த தடவியே மேல ஏத்தற கேஜுக்கு வந்து சேர்றவரு. அவரப் போய்.

ராத்திரி சாதம் வைக்கல. பன் ஒண்ணு இருந்துது.


ஜூலை 9, புதன்

வெயில் கொஞ்சம். போர்வை காய வச்சேன்.

வாங்க வேண்டியது: பினாயில். ஊதுபத்தி. தீப்பெட்டி. பால் பவுடர். விளக்கு எண்ணெய் (அவர் போட்டோவுக்கு).

கலா ஓசூர்ல இருந்து போன். "அப்பா அப்படி பண்ணியிருக்க மாட்டாரும்மா. சர்வேயர கூப்பிட சொல்லு. அளந்து பாக்கட்டும், நம்ம எடமா தான் இருக்கும்"னா. சரின்னேன். அவகிட்டயும் சொல்ல முடியல.

இங்க எழுதினா யாரும் படிக்கப் போறதில்ல. எழுதறேன்.

எனக்குத் தெரியும். குழி தோண்டறப்ப மேல கயிறு புடிச்சு நின்னது நான் தான். பக்கெட்ல மண்ணு. கேஜுக்கு பெல் அடிக்கிற மாதிரி கயித்துல கணக்கு சொல்லிக் குடுத்தாரு. ஒரு இழு, நிறுத்து. ரெண்டு இழு, இறக்கு. மூணு இழு, ஏத்து. மைன்ஸ் மூடி பத்து வருஷம் ஆகியிருந்துது அப்ப. பெங்களூர்ல செக்யூரிட்டி வேலை. ஞாயித்துக் கெழமைல தான் தோண்டுவாரு. மண்ணுக்குள்ள இறங்கினா மூஞ்சியே மாறிடும். பாட்டு கூட வரும். பத்து வருஷம் வெயில்ல நிக்க வச்ச மனுஷன நெழலுக்கு கூட்டிகினு வந்த மாதிரி.

எங்க பக்கம் அஞ்சடியில கருங்கல். கடப்பாரை தீப்பொறி உட்டுது. பக்கத்துல ஒரு சந்து மாதிரி மெத்து மண்ணு, சுவர் பக்கமா போச்சு. கீழ இருந்து சொன்னாரு, "இங்க வழி உடுது, சரோ."

கல்லு இருந்தா மேல வந்து வேற எடம் பாப்பாங்க மத்தவங்க. மைன்காரனுக்கு அது தெரியாது. மெத்து எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கமே குடைஞ்சுகினு போவாங்க. கீழ யாரு வேலி போட்டிருக்காங்க.

மிச்சத்த அப்புறம் எழுதறேன்.


ஜூலை 10, வியாழன்

சர்வேயர் வந்தாரு. கோலார்ல இருந்து இல்ல, இங்க ஆபீஸ்ல இருந்தே. சின்ன வயசு. கர்சீப் மூக்குல கட்டிகினு. மைன்ஸ் கம்பெனி லைன் வீட்ட எல்லாம் நம்ம பேருக்கு எழுதினப்ப போட்ட படம் கையில. செயின் இழுத்தாங்க. ஒரு முனை நான் புடிச்சேன். ஒரு முனை ரிச்சர்டு.

சுவர் சரியான எடத்துல தான் இருக்குது. ஒரு விரல் கூட தப்பில்ல.

"இது நிம்ம ஜாகா அல்லம்மா"ன்னாரு. உங்க எடம் இல்லன்னு பாவமா தான் சொன்னாரு.

கலாவுக்கு போன் பண்ணி சொன்னேன். "அப்பாவுக்கு அப்ப மனசு சரியில்லையோ இன்னாவோ"ன்னா.

இப்ப அவர் திசை தெரியாதவரு மட்டும் இல்ல, மனசும் சரியில்லாதவரு ஆயிட்டாரு. என்னால.

பூனை குட்டி போட்டிருக்குது சைக்கிள் ஷெட்டு பின்னாடி. மூணு.


ஜூலை 11, வெள்ளி

ஸ்டெல்லா அக்கா வாசல்ல பேச்சு. நான் உள்ள போகல, கேட்டுக்கு வெளியிலயே நின்னேன். அவர் போய் வருஷம் திரும்பாம அடுத்த வீட்டு படி ஏறக்கூடாது எங்கள்ல. அதுவும் கல்யாண வீடு. "நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல, உள்ள வா சரோஜா"ன்னாங்க. இருக்கட்டும்க்கான்னேன்.

ரிச்சர்டு ஸ்டேஷனுக்கு போவேன்னான். அக்கா சொன்னாங்க, "போ. போய் இன்னா சொல்லுவ? பீ குழி கேஸுன்னு சொல்லுவியா? பொண்ணு வீட்டுக்கு தெரிஞ்சா அந்த குழிகிட்டயே தாலி கட்ட சொல்லுவாங்க." எல்லாரும் சிரிச்சாங்க. அவனும்.

பேப்பர்ல எழுதினது:
1. குழிய காலி பண்றது.
2. அவங்க பக்கம் இருக்கறத கல்லு மண்ணு போட்டு மூடறது.
3. சுவத்து அடியில தடுப்பு கட்டறது.
4. நான் வேற குழி என் எடத்துலயே போட்டுக்கறது. ஆடி அமாவாசைக்குள்ள.

கையெழுத்து போட்டேன். சரோஜா. ஜா எப்பவும் கோணலா தான் வரும்.

நாகப்பா என் பின்கட்டு முழுக்க கம்பிய குத்திப் பாத்தாரு. எல்லா எடமும் கல்லு. ஒரே ஒரு எடத்துல தான் கம்பி இறங்கிச்சு. சைக்கிள் ஷெட்டு.

"ஷெட்ட பிரிக்கணும்மா."

அந்த ஷெட்டு அவர் போனதுல இருந்து தொறக்கல நான். பூட்டு சாவி ஆணியில தொங்கிகினு இருக்குது. பாத்தேன். எடுக்கல.


ஜூலை 14, திங்கள்

டேங்க் வண்டி வந்து உறிஞ்சிட்டுப் போச்சு. மூணு நாள் தொறந்து உடணும், யாரும் எட்டி கூட பாக்கக் கூடாதுன்னு நாகப்பா சொல்லிட்டாரு. "லோபல, உள்ள விஷ கேஸு இருக்கும். உங்க மைன்ஸ் ஆளுங்களுக்கு நான் சொல்லணுமா?"

கயிறு கட்டி தடுத்து வச்சிருக்குது.

இப்ப எனக்கு கக்கூஸ் இல்ல. ஸ்டெல்லா அக்கா வந்து சுவத்து மேலயே சாவி நீட்டினாங்க. "பின் கதவு சாவி. எங்களோடத யூஸ் பண்ணிக்க. வேலை முடியற வரைக்கும்."

வாங்கல. வருஷம் திரும்பலக்கான்னேன். அது பாதி தான் நெஜம். என்னா மூஞ்சிய வச்சுகினு வாங்குவேன்.

லைன் கடைசியில பழைய பொது கக்கூஸ் ஒண்ணு பாதி நிக்குது. கதவு இல்ல. விடியக் காலம் போனேன், புடவை தலைப்ப குறுக்கால கட்டிகினு. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி இதே வழி. கர்ப்பப்பை எடுத்த தையல் ஆறாம, ரெண்டு தடவ வழியில உக்காந்துட்டேன் அப்ப. அவரு ஷிப்ட் முடிஞ்சு வந்து பாத்தாரு, நான் ரோட்டு ஓரத்துல உக்காந்து அழுதுகினு இருந்தத. அடுத்த ஞாயிறு கடப்பாரை எடுத்தாரு.


ஜூலை 17, வியாழன்

ஆடி ஒண்ணு. வெயில் வருமா வராதான்னு பத்து மணி வரைக்கும் மேகம்.

குழிக்குள்ள எப்படி இருக்குதுன்னு பாக்கணும் நாகப்பாவுக்கு. இறங்க மாட்டேன்னுட்டாரு, நல்லது தான். டார்ச் அடிச்சா நேரா கீழ தான் தெரியுது, பக்கவாட்டுல போன எடம் தெரியல. "அத்தம் உந்தா?"ன்னாரு. கண்ணாடி. வெயில புடிச்சு உள்ள திருப்பலாம்.

எங்க வீட்ல பெரிய கண்ணாடி ஒண்ணு தான். அவர் ஷேவிங் பண்றது. ஷெட்டுல மாட்டியிருக்குது.

எல்லாரும் நிக்கறாங்க. சாவி எடுத்துட்டு போனேன். பூட்டு துரு, ரெண்டு கையால திருப்பினேன். உள்ள அவர் வாசனை இல்ல. அத தான் பயந்துகினு இருந்தேன் இத்தினி நாளா, வாசனை இருக்கும்னு. எலி வாசனை தான். கண்ணாடி ஓரத்துல சோப்பு நுரை காஞ்சு ஒட்டியிருந்துது. துடைக்கல. அப்படியே கொண்டாந்தேன்.

பன்னெண்டு மணிக்கு வெயில் வந்துது. நாகப்பா குழி வாயில நின்னு கண்ணாடிய சாய்ச்சாரு. வெளிச்சம் சதுரமா உள்ள போச்சு. கல்லு கட்டடம், ஒண்ணு கூட பேரல. வெளிச்சம் மெதுவா சுவத்துக்கு அடியில நகர்ந்துது. அங்க நின்னுது.

"அரே."

சுவத்துக்கு நேர் அடியில தண்டவாளத் துண்டு ஒண்ணு குறுக்கால. ரெண்டு முனையும் கருங்கல் மேல உக்காந்திருக்குது. அதுக்கு மேல ஆப்பு ஆப்பா கல்லு, இறுக்கி அடிச்சது. சுவத்தோட பாரம் முழுக்க அது மேல.

வாசல்ல உக்கார போட்டிருந்த துண்டு அது. அந்த வருஷம் காணோம். எங்கன்னு கேட்டேன். வேற வேலைக்கு போட்டுட்டேன்னாரு. நான் கயிறு புடிக்காத ஒரு நாள் தனியா இறங்கி வச்சிருக்காரு. எனக்கு கூட தெரியாது.

நாகப்பா சொன்னாரு, "இந்த மனுஷன் தெசை தப்பலம்மா. சுவரு எங்க இருக்குதுன்னு அங்குலத்துக்கு தெரியும் இவருக்கு. இது இல்லேன்னா சுவரு எப்பயோ உக்காந்திருக்கும்."

ரிச்சர்டு குனிஞ்சு பாத்தான். நிமிர்ந்து என்னைப் பாத்தான். "அப்போ தெரிஞ்சே தான் பண்ணியிருக்காரு."

அப்பவும் நான் வாய தொறக்கல. ரெண்டாவது தடவ.

கண்ணாடிய திரும்ப மாட்டல. புடவைல சுத்தி கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன்.


ஜூலை 18, வெள்ளி

மிச்சத்த எழுதிடறேன்.

சுவர் வரைக்கும் வந்ததும் அவர் நிறுத்திட்டாரு. மேல ஏறி வந்து மண்ணு கையோட உக்காந்தாரு. "இதுக்கு மேல அவங்க எடம். மரியதாஸ் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வெட்டறேன். குடுப்பான்"ன்னாரு. மரியதாஸ் அண்ணன் ஸ்டெல்லா அக்கா வீட்டுக்காரர். ரெண்டு பேரும் மைன்ஸ்ல ஒரே கேங். அண்ணன் போய் ஆறு வருஷம் ஆவுது.

நான் தான் வேணாம்னேன்.

அந்த வருஷம் குழாயடியில எனக்கும் ஸ்டெல்லா அக்காவுக்கும் சண்டை. குடம் யாரு முன்னாடி வச்சதுன்னு. எட்டு மாசம் பேச்சு இல்ல. அவங்க முன்னாடி போய் என் கக்கூஸுக்கு எடம் குடுன்னு கேக்கணுமா? "நீ கேட்டா நான் இந்த குழியில காலே வைக்க மாட்டேன். ரோட்டுலயே உக்காந்து சாவறேன்"ன்னேன். தையல் வலி, ஆத்திரம், எல்லாம் சேந்து.

கையில இருந்த மண்ண வேட்டியில தொடச்சாரு. அப்புறம் இறங்கினாரு. ரெண்டு இழு. பக்கெட்ட இறக்கினேன்.

அதுக்கப்புறம் பாட்டு பாடல.

அதான் அந்த தண்டவாளம். என் பேச்ச கேட்டு அடுத்தவன் எடத்துல பூந்தாரு, அடுத்தவன் சுவத்துக்கு முட்டு குடுத்துட்டு பூந்தாரு. பதினாலு வருஷம் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டல. கோலார் ஆஸ்பத்திரில பதினோரு நாள் கெடந்தப்ப கூட சொல்லல. நெஞ்சுல மைன்ஸ் தூசி, பேச மூச்சு இல்ல. கைய தான் புடிச்சுகினு இருந்தாரு. கடைசி நாள் ஒரு தடவ கைய இழுத்தாரு. ஒரே தடவ.

தண்ணி கேக்கறாருன்னு நெனச்சேன், கயித்து கணக்கு ஞாபகம் வரல.


ஜூலை 20, ஞாயிறு

காலையில காபி பொங்கி அடுப்பு அணைஞ்சுது.

சொல்லிட்டேன்.

ஸ்டெல்லா அக்கா சர்ச்சுல இருந்து வந்தாங்க. வெள்ளை புடவை, கையில பைபிள். நான் சுவத்துகிட்ட நின்னுகினு இருந்தேன், எட்டு மணியில இருந்து.

"இன்னாடி, மூஞ்சி இப்பிடி வீங்கி கெடக்குது? காய்ச்சலா?"

"அக்கா, நான் அன்னிக்கு சொன்னது பொய்."

"இன்னா பொய்?"

"அவரு திசை தப்பல. கயிறு புடிச்சது நான். கேட்டுட்டு வெட்டலாம்னு அவரு சொன்னாரு. கேக்காதன்னு சொன்னவ நான். குழாயடி சண்டைக்காக."

அவங்க பைபிள இந்தக் கையில இருந்து அந்தக் கைக்கு மாத்தினாங்க.

"கோவம் எடத்துக்கு இல்ல சரோஜா"ன்னாங்க. "ஆறடி மண்ணு இன்னா பெரிசு. பழிய செத்த மனுஷன் மேல போட்டியே. என் புள்ள வாயால அந்த அண்ணன திருடன்னு சொல்ல வச்சியே. நீ நின்னு கேட்டுகினு இருந்தியே."

"ஆமாக்கா."

உள்ள போயிட்டாங்க. கதவ அறையல. மெதுவா தான் சாத்தினாங்க. அது இன்னும் கஷ்டமா இருந்துது.

கலாவுக்கும் போன் பண்ணி சொன்னேன். அவ அழுதா. அப்புறம் "அப்பா கிட்டயும் சொல்லிடும்மா"ன்னா. சொன்னேன். போட்டோ முன்னாடி நின்னு. விளக்கு ஆடிச்சு, ஜன்னல் தொறந்திருந்துது.


ஜூலை 22, செவ்வாய்

ஷெட்டு பிரிச்சாச்சு. நாகப்பா காலையிலயே முணுமுணுப்பு. "ஆஷாட மாசத்துல, ஆடியில எவனும் மண்ண தொட மாட்டான்." அப்புறம் அவரே, "பீ குழிக்கு முகூர்த்தம் இன்னாத்துக்கு"ன்னுட்டு கடப்பாரை எடுத்தாரு.

ஷெட்டுல இருந்தது:
சைக்கிள். டயர் ரெண்டும் தரையோட.
மைன்ஸ் ஹெல்மெட், பட்டை அறுந்தது.
செக்யூரிட்டி சட்டை மூணு.
ஆணி டப்பா. ஒரு சைஸுக்கு ஒரு டப்பா.
கலா சின்ன வயசு செருப்பு, ஒத்தை.
கயிறு.

அதே கயிறு. சுத்தி சுத்தி எட்டு மாதிரி கட்டி வச்சிருக்காரு. நாகப்பா பக்கெட்டுக்கு கயிறு கேட்டாரு, அத தான் குடுத்தேன். அவர் ஆளு கீழ இருந்து இழுத்தான். கணக்கெல்லாம் தெரியாது அவனுக்கு, மூணு தடவ எதுக்கோ இழுத்தான். என் கை தானா ஏத்திச்சு.

சுவத்துல இருந்து எத்தினி அடி தள்ளின்னு நாகப்பா கேட்டாரு. நானே டேப் புடிச்சு அளந்தேன். ரெண்டு தடவ அளந்தேன். சிரிச்சாரு.

பூனை குட்டிங்கள வாய்ல கவ்விகினு எங்கயோ போயிடுச்சு.

ஸ்டெல்லா அக்கா மூணு நாளா சுவத்துப் பக்கம் வரல. துணி கூட முன்வாசல்ல காய போடறாங்க. நானும் விடியக் காலத்துல அந்த பாதி கக்கூஸுக்கே போறேன். நேத்து கால் வழுக்கிச்சு. முட்டி வீக்கம்.


ஜூலை 23, புதன்

மழை. வேலை இல்ல.

சாயந்திரம் ரிச்சர்டு வந்தான், ஆபீஸ் பை தோள்லயே. கேட்டுகிட்ட நின்னான். அம்மா சொல்லியிருக்காங்க போல.

"ஆண்ட்டி, அங்கிள் பத்தி நான் அன்னிக்கு..."

"நான் சொல்ல வேண்டியத சொல்லல, நீ சொன்ன. உடுப்பா."

நகத்த கடிச்சுகினு நின்னான். "அந்த ரயில் பீஸ எடுக்க வேணாம்னு நாகப்பா கிட்ட சொல்லிட்டேன். சுவரு அது மேல தான நிக்குது. அது இருக்கட்டும்."

"அம்மா?"

"அம்மா யார் கூடயும் பேசல. என் கூடயும்."


ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மழை உட்டுடுச்சு. அவர் போனப்பறம் மொத ஆடி.

படையல்: சாதம், வாழைக்காய், பூசணி கூட்டு, வடை, பீடி ஒரு கட்டு. காக்கா உடனே வரல. சுவத்து மேல வச்சிருந்தேன். அரை மணி கழிச்சு வந்துது, வடைய மட்டும் தூக்கிகினு போச்சு. அவரும் அப்படி தான்.

பழைய குழி இன்னிக்கு மூடினாங்க. அந்தப் பக்கம் கல்லு, உடைச்ச கான்கிரீட்டு, மண்ணு. தடுப்பு மழைக்கு முன்னாடியே கட்டி காஞ்சுடுச்சு. மொத கூடை நான் போட்டேன். தண்டவாளம் தெரிஞ்சுகினே இருந்துது, அப்புறம் பாதி, அப்புறம் இல்ல. இனிமே யாரும் பாக்கப் போறதில்ல அத.

இந்தப் பக்கம் புதுக் குழிக்கு சிமெண்ட் ரிங் இறக்கிட்டாங்க. எட்டு ரிங். மேல மூடி நாளன்னிக்கு. அது வரைக்கும் எனக்கு அந்த பாதி கக்கூஸ் தான்.

மூணு மணி இருக்கும். படையல் எலைய எடுத்துகினு இருந்தேன். சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஸ்டெல்லா அக்கா. மூஞ்சி தெரியல, குரல் மட்டும்.

"முட்டி வீங்கிடுச்சாமே."

"ஆமாக்கா. கொஞ்சம்."

"பின் கதவு தொறந்து கெடக்குது. பக்கெட்ல சுடு தண்ணி வச்சிருக்கேன். எட்டு மாசம் பேசாம இருக்க எனக்கு இப்ப வயசு இல்ல."

"வருஷம் திரும்பலக்கா."

"சுவத்துக்கு அடியில பூந்தப்ப நாள் கெழமை பாத்தியா? வாடி."

சிரிப்பு வந்துடுச்சு எனக்கு. அவர் போனதுல இருந்து மொத தடவ. அப்புறம் நிக்காம அழுகை. அவங்களும் அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சினது கேட்டுது.

மூஞ்சி கழுவினேன். முன்வாசல் வழியா சுத்திகினு, கேட்ட நானே தொறந்து, செருப்ப அவங்க படியில கழட்டி உட்டுட்டு, "வரலாமாக்கா"ன்னு கேட்டுட்டு உள்ள போனேன்.